மணமகளின் கையெழுத்து இல்லாத காவின்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பா மௌத்தாகிவிட்டார். தங்கைக்கு இப்போது ஒரு சம்பந்தம் சரிவந்திருக்கிறது. வீட்டில் மூத்த ஆண்பிள்ளை அவர்தான், அதனால் வலீயாக, அதாவது மணமகளின் சார்பில் நிற்கும் பொறுப்பாளராக, நின்று கையெழுத்து வைக்கப்போவதும் அவர்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர், "உங்கட ஆட்களில் பெண்ணுக்கு ஒரு உரிமையும் இல்லைதானே, கல்யாணத்துக்குக்கூட அவளுடைய கையெழுத்துத் தேவையில்லையாமே" என்று சொல்ல, இவருக்கு வாயில் பதில் வரவில்லை. "டீச்சர், இது மார்க்கமா, சட்டமா? மாற்றச் சொல்கிறவர்கள் மார்க்கத்துக்கு எதிரானவர்களா?" இதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, உங்களோடு வேலை செய்பவர் சொன்ன தகவல் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை. இலங்கையில் ஒரு முஸ்லிம் பெண்ணின் திருமணம் பதிவாக அவளுடைய கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. மாப்பிள்ளை வைக்கிறார், வலீ வைக்கிறார், மணமகள் வைப்பதில்லை. இதை ஏற்படுத்தி வைத்திருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். குர்ஆனில் அப்படி ஒரு வசனம் கிடையாது. பாராளுமன்றத்தில் கைதூக்கி நிறைவேற்றிய சட்டம் அது. கைதூக்கி நிறைவேற்றியதைக் கைதூக்கியே திருத்தவும் முடியும்.

என்னுடைய காவின், அதாவது நிக்காஹ் ஒப்பந்தம், எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நான் உள் அறையில் கட்டிலில் இருந்தேன். கையில் மருதோன்றி, சுற்றிவர மாமிமார், மச்சிமார், சின்னப்பிள்ளைகள். வெளியே ஹோலில் மௌலவியின் குரல் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் குரல் கேட்டது, கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சாச்சா அறை வாசலில் வந்து நின்று "முடிஞ்சுது" என்றார். எனக்குக் கல்யாணமான செய்தி எனக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். அப்போது நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தவணை முடிவில் நாற்பது பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியர் என்று கையெழுத்து வைக்கிறவள். என் வாழ்க்கையின் மிகப் பெரிய ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. வாப்பா என்னிடம் கேட்டுத்தான் செய்தார், எனக்கும் விருப்பம்தான், மாப்பிள்ளையும் நல்ல மனிதர். ஒரு குறையும் வரவில்லை. வாப்பா கேட்கிற வாப்பாவாக இருந்தால் இந்தச் சட்டத்தின் ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

எனக்கு அது தெரியவந்தது வகுப்பறையில்தான். பத்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி, முன் வாங்கில் இருப்பாள். ஒரு கிழமை வரவில்லை, இரண்டு கிழமை வரவில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு விழுந்துகொண்டே போனது. ஆள் அனுப்பிக் கேட்டால், "கலியாணம் பேசி முடிச்சாச்சு டீச்சர்" என்றார்கள். அடுத்த வருடம் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது பாடசாலைக் கேற் பக்கமாகக் கைக்குழந்தையோடு போனாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்பட வேண்டியவள் அவளா? இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

இது நடந்தது சட்டத்தை மீறி அல்ல, சட்டப்படியேதான். 1995இல் இலங்கையில் திருமண வயதைப் பொதுவாக 18 ஆக்கினார்கள், முஸ்லிம்களைத் தவிர. நமது சட்டத்தில் இருப்பதெல்லாம், 12 வயது நிரம்பாத பிள்ளையின் திருமணத்தைப் பதிவுசெய்வதென்றால் காதி, அதாவது விவாக, விவாகரத்து விஷயங்களை விசாரிக்கும் முஸ்லிம் நீதிபதி, விசாரித்து அனுமதி கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரிதான். 12 நிரம்பிவிட்டால் அந்த அனுமதியும் தேவையில்லை. அதே 1995இல் தண்டனைச் சட்டக்கோவையையும் திருத்தினார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், பாலியல் வல்லுறவு என்று எழுதினார்கள். கூடவே ஒரு விலக்கையும் சேர்த்தார்கள்: அவள் மனைவியாக இருந்து 12 வயதைத் தாண்டியிருந்தால் அது குற்றமாகாது. மற்றச் சமூகங்களுக்கு 18 என்று ஆகிவிட்ட பிறகு இந்த விலக்கு யாருடைய பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அரசாங்கம் கொடுத்த பாதுகாப்பை நமது பிள்ளையிடமிருந்து மட்டும் எடுத்துவிட்டு, அதற்கு "சமய உரிமை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காதி நீதிமன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்ஷன் எடுத்த பிறகு, எழுதத் தெரியாத பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போய், விறாந்தையில் காத்திருந்து காத்திருந்து நான் அதை நிறையக் கண்டிருக்கிறேன். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். பல ஊர்களில் அது ஒரு பாடசாலை அறை, அல்லது காதியாரின் வீட்டு முன்பக்கம். பிளாஸ்டிக் கதிரைகளில் பெண்கள் இருப்பார்கள். மடியில் பிள்ளை, கையில் சொப்பிங் பை. பைக்குள் பிறப்புச் சான்றிதழ், மருந்துத் துண்டு, கடைச் சிட்டை எல்லாம் இருக்கும். தாபரிப்புக் காசுக்காக அலைகிறவர்கள்தான் அதிகம். கூப்பிட்டதும் உள்ளே போனால் காதி ஆண். கூட ஜூரிகள் இருந்தால் அவர்களும் ஆண்கள். மேன்முறையீடு செய்தால் கொழும்பிலுள்ள காதிகள் சபையும் முழுக்க ஆண்கள். காதியும் விவாகப் பதிவாளரும் ஆண் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காதியின் முன்னால் சட்டத்தரணி வந்து வாதாடவும் முடியாது. மாதவிடாய், படுக்கையறை, அடி, இப்படி உம்மாவிடம் சொல்லவே கூச்சப்படுகிற விஷயங்களை ஒரு பெண் அத்தனை ஆண்களுக்கு முன்னால் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

விவாகரத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வையும் பாருங்கள். கணவன் தலாக் சொல்வதென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. காதிக்கு அறிவித்து, சமரச முயற்சிக்குரிய நாட்கள் கழிந்த பிறகு, காதிக்கும் சாட்சிகளுக்கும் முன்னால் சொன்னால் போதும். மனைவி பஸஹ், அதாவது கணவனின் பிழையைக் காட்டி விவாகரத்து, கேட்டால் மனு, சத்தியம், சாட்சிகள், ஜூரிகள், தவணைக்கு மேல் தவணை. கதவை அடைத்துக்கொண்டு அடிக்கிற புருஷனுக்கு எங்கேயிருந்து சாட்சி கொண்டுவருவது? ஒரு பெண் என்னிடம் இதைத்தான் கேட்டாள், "டீச்சர், அவர் அடிக்கும்போது நான் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணுமா?" என்று. என்னிடம் பதில் இருக்கவில்லை. நல்ல காதிமாரும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சொற்பக் காசுக்கு இரவு பகலாகப் பிள்ளைகளின் தாபரிப்புக்காக மல்லுக்கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அவள் ஊர்க் காதியின் குணத்தைப் பொறுத்திருக்கக் கூடாது.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? நான் ஆலிமா, மார்க்கம் படித்த அறிஞர், அல்ல. ஆனால் எல்லோரும் கேட்ட ஒரு ஹதீஸ், நபிகளாரைப் பற்றிய செய்தி, புஹாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. முன்பு ஒருமுறை மணம் முடித்திருந்த கன்ஸா என்ற பெண்ணை, அவருடைய தந்தை அவருக்கு விருப்பமில்லாத இடத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டார். அவர் நேராக நபிகளாரிடம் போய் முறையிட்டார். நபிகளார் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். யாரையும் இடையில் வைக்காமல், சாட்சி கொண்டுவரச் சொல்லாமல், அந்தப் பெண்ணின் வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். கன்னிப்பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஹதீஸ்களும் உண்டு. வலீ விஷயத்தில் மத்ஹபுகளுக்குள்ளேயே, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள்ளேயே, கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாபி மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஹனபி மத்ஹபில் பருவமடைந்த, புத்தியுள்ள பெண் தானே தன் நிக்காஹை முடிக்கலாம். இரண்டும் இஸ்லாம்தான். ஆக, வலீ வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், "பெண் கையெழுத்து வைக்கக் கூடாது" என்பது எந்த மத்ஹபிலும் இல்லை. வலீயின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தும் இருந்தால் எந்த நிக்காஹும் முறியாது.

இங்கே ஒரு சரித்திரத்தைச் சொல்ல எனக்கு ஆசை. நமது சட்டம் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. டச்சுக்காரர் காலத்தில் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கொண்டுவந்த ஒரு தொகுப்பை ஒட்டி, 1806இல் பிரிட்டிஷ் ஆட்சி முகம்மதியர் சட்டக்கோவை என்று ஒன்றை வெளியிட்டது. அதை 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதை 1951ஆம் ஆண்டுச் சட்டமும் தொடர்ந்தன. வேர் ஜகார்த்தாவில். அந்த ஜகார்த்தாவில் இன்றைக்கு என்ன நிலைமை? இந்தோனேசிய முஸ்லிம்களும் நம்மைப் போல் பெரும்பாலும் ஷாபி மத்ஹபுதான். அங்கே மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். பெண்ணின் திருமண வயது அங்கே 16 ஆக இருந்தது. ஆணுக்கு 19, பெண்ணுக்கு 16 என்பது பாகுபாடு என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2019இல் இருவருக்கும் 19 என்று சட்டம் வந்தது. இரண்டாம் திருமணத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். நம்மூரில் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும், முதல் மனைவியின் சம்மதமும் கேட்கப்படுவதில்லை, இரண்டு குடும்பத்தைக் கொண்டுநடத்த வசதி இருக்கிறதா என்ற விசாரணையும் இல்லை. இந்தோனேசியாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்டு வயது குறைந்த பிள்ளைகளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனாலும் நம்மைவிட எத்தனையோ மடங்கு முஸ்லிம்கள் வாழும் நாடு, அதே மத்ஹபை வைத்துக்கொண்டே, அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துனீசியா 1956இலேயே பலதார மணத்தைத் தடைசெய்து, விவாகரத்து நீதிமன்றத்தில்தான் என்று ஆக்கியது. மொரோக்கோவில் 2004ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி வயது வந்த பெண் தானே தன் திருமண ஒப்பந்தத்தைச் செய்யலாம், விரும்பினால் வாப்பாவை வலீயாக வைத்துக்கொள்ளலாம். பலஸ்தீனத்தில் 2009இல் இரண்டு பெண்கள் ஷரீஆ நீதிபதிகளானார்கள், மலேசியாவில் 2010இல். மறுபக்கம் ஆப்கானிஸ்தான் இருக்கிறது. 2021இலிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை, 2022 டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகமும் இல்லை. ஒரே வேதத்தை ஓதுகிற நாடுகளில் இத்தனை வித்தியாசம் இருந்தால், வித்தியாசத்துக்குக் காரணம் ஆட்சியும் அரசியலும் சட்டம் எழுதுகிறவர்களும்தானே? உங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

அவரிடம் இன்னொன்றையும் சொல்லலாம். கிழக்கிலே நமது ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருக்கிறார். அதனால் வாப்பாவும் சகோதரர்களும் உருக்குலைகிறார்கள், அந்தச் சீதனக் கொடுமை தனிக்கதை. ஆனால் வீட்டின் உறுதிப்பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறது, பிரச்சினை வந்தால் வெளியே போக வேண்டியவர் மாப்பிள்ளை. வடக்கே தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மணமான தமிழ்ப் பெண்ணுக்குத் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இந்து மதத்தின் குற்றம் என்று யாராவது சொல்கிறார்களா? இந்தச் சட்டங்கள் எல்லாவற்றையும் நமது அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை ஒரே கூரையின் கீழ் காப்பாற்றி வைத்திருக்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டம் செல்லும் என்கிறது அது. 12ஆவது உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. 16 வந்து, முன்பிருந்த சட்டங்களுக்கு அது பொருந்தாது என்று கதவைச் சாத்திவிடுகிறது.

இனி, மாற்றச் சொல்கிறவர்களைப் பற்றி. யார் அவர்கள்? முப்பது வருடத்துக்கும் மேலாக இதைக் கேட்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தொழுகிற, நோன்பு பிடிக்கிற, முக்காடு போடுகிற முஸ்லிம் பெண்கள். காதி நீதிமன்ற விறாந்தையில் இருந்து களைத்தவர்களும், அவர்களுக்குத் துணை போனவர்களும்தான். 2009இல் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த சலீம் மர்சூஃப் தலைமையில், இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய, அரசாங்கம் ஒரு குழுவைப் போட்டது. அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். குழு இரண்டாகப் பிளந்து, அறிக்கையும் இரண்டு கருத்தாக வந்தது. குழு அமைந்த வருடத்தில் பிறந்த பிள்ளை அப்போது மூன்றாம் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும். 2021இல் அலி சப்ரி நீதி அமைச்சராக இருந்தபோது அமைச்சரவை சில திருத்தங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2023இல் முஸ்லிம் எம்.பி.க்கள் பலர் ஒன்றுசேர்ந்து, காதிப் பதவி ஆண்களுக்கே இருக்க வேண்டும் என்று கேட்டும், வேறு முக்கியமான மாற்றங்களை எதிர்த்தும் நீதி அமைச்சருக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தில் அவர்கள் தங்கள் கையெழுத்தை மறக்காமல் வைத்தார்கள்.

பெண்கள் கேட்பதை எதிரிகள் கையில் எடுத்தார்கள் என்பதும் உண்மைதான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாட்டில் அபாயா போட்ட ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு வாசலிலும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டாள். கொரோனா காலத்தில் நமது மையித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, எரித்தார்கள், 2021 பெப்ரவரி வரை. அதே வருடம் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஒரு செயலணியை அமைத்து, முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்த பௌத்த பிக்கு ஞானசார தேரரை அதற்குத் தலைவராக்கினார்கள். அந்த நேரத்தில் நமது ஊர் ஆண்கள், "இப்போது இதைப் பேசாதே, அவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்" என்று சொன்னபோது அதில் ஒரு நியாயம் இருந்தது, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் 2019க்கு முன்னாலும் "இப்போது வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். யுத்தம் முடியட்டும் என்றார்கள், தேர்தல் முடியட்டும் என்றார்கள். இனவாதிகள் நம்மை அடிப்பதற்குச் சட்டத்தை எடுக்கிறார்கள் என்றால், அந்தக் கம்பை நாமே ஏன் அவர்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்? சட்டத்தை நாமே திருத்தியிருந்தால் காட்ட அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?

மார்க்கத்துக்கு எதிரானவர்கள் என்று அந்தப் பெண்களைச் சொல்கிறவர்கள், கன்ஸாவின் ஹதீஸை ஒருமுறை ஆறுதலாக வாசிக்கட்டும். நானும் அந்தப் பெண்களில் ஒருத்தி. வயது 18 ஆக வேண்டும், விலக்கே இல்லாமல். மணமகள் கையெழுத்து வைக்க வேண்டும். பெண்ணும் காதியாகலாம் என்று வர வேண்டும். விவாகரத்துக் கேட்கும் வழி இருவருக்கும் ஒரே அளவு நீளமாக இருக்க வேண்டும். இதில் எதைக் கேட்டதற்காக மறுமையில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

தம்பி, இனி உங்கள் தங்கையின் விஷயம். சட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் அவளைத் தனியாக இருத்திக் கேளுங்கள், உம்மாவோ மாமியோ பக்கத்தில் இல்லாமல். அவள் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துவிடாதீர்கள், திரும்பவும் கேளுங்கள். படிப்பைத் தொடர்வதோ வேலைக்குப் போவதோ அவளுக்கு விருப்பம் என்றால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மஹர், மாப்பிள்ளை அவளுக்குக் கொடுக்கும் மணக்கொடை, அவளுடைய சொத்து. ஊர் வழக்கத்துக்கு ஒரு சின்னத் தொகையைச் சொல்லிவிட்டுப் போகாமல் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். மாப்பிள்ளைக்குக் கைக்கூலி என்று ஏதாவது கொடுப்பதானால் (கொடுக்காமல் இருந்தால் மிக நல்லது) உள்ள தொகையைப் பதிவில் எழுதுங்கள். பிறகு காதியிடம் திருப்பிக் கேட்க வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். வீடு கொடுத்தால் உறுதி அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும். பதிவாளர் வரும்போது, நான் சம்மதிக்கிறேன் என்று அவள் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு தாளைப் பதிவோடு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அவர் மறுத்தால் அந்தத் தாளில் சாட்சிகளின் கையெழுத்தையும் வாங்கி வீட்டில் வையுங்கள். காவின் முடிந்த கிழமையிலேயே பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள், உங்கள் அலுமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.